நீண்ட கால ஆரோக்கியத்துக்கான அன்றாடப் பழக்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை நோய், பலவகைப் புற்றுநோய்கள் எல்லாம் திடீரென்று வந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் பத்து, இருபது ஆண்டுகளாக உடலுக்குள் மெல்ல வளர்ந்து வந்தவை அவை. அந்தக் காலத்துக்குள் என்ன செய்யலாம், எதை எப்படி அளக்கலாம், எங்கே தவறுகிறோம் என்பதைப் பற்றி அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற முடியாது. எதில் தொடங்குவது?

புகையிலை பயன்படுத்துகிறவர் என்றால் அதில்தான். மற்ற எதுவும் அதற்குப் பிறகு. பயன்படுத்தாதவர் என்றால் முதலில் உங்கள் ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, இடுப்பளவு ஆகிய மூன்று எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள். எந்தப் பழக்கம் உங்களுக்கு அவசரம் என்பதை அவையே சொல்லிவிடும். அடுத்து உடலசைவு, தூக்கம், உப்பு. எந்த விதை, எந்தப் பொடி, எந்தக் கஷாயம் என்ற கேள்விக்கெல்லாம் வரிசையில் கடைசி இடம்தான். நடப்பதோ தலைகீழ். விலை உயர்ந்த சத்துப் பொடியைத் தினமும் தவறாமல் குடிப்பவர் ரத்த அழுத்தம் பார்த்து ஐந்து வருடம் ஆகியிருக்கும்.

இருபது வருடம் புகைத்தாயிற்று. இனிமேல் விட்டு என்ன பயன்?

நிறையவே பயன் உண்டு. பிரிட்டனில் மருத்துவர்களையே 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2004-இல் வெளியாயின. தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிட்டபோது, 30 வயதில் விட்டவர்களுக்கு ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆயுள் கூடியது. 40 வயதில் விட்டால் 9, 50-இல் 6, 60-இல் 3 ஆண்டுகள். விட்ட ஓராண்டில் இதய நோய்க்கான கூடுதல் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பாதியாவதற்குச் சுமார் பத்து ஆண்டுகள் ஆகும்.

ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ என்று குறைத்துக்கொண்டால் போதாதா?

புற்றுநோயைப் பொறுத்தவரை குறைத்த அளவுக்கு ஆபத்தும் குறையும். இதயத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. நாளுக்கு 20 சிகரெட் தரும் கூடுதல் இதய ஆபத்தில் கிட்டத்தட்ட பாதியை ஒரே ஒரு சிகரெட் தந்துவிடுகிறது. ரத்தக் குழாயின் உட்சுவர் கெடுவதற்கும் ரத்தம் உறைவதற்கும் சிறிதளவு புகையே போதும் என்பதுதான் காரணம். மெல்லும் புகையிலையில் புகை இல்லையே என்பவர்கள், வாய்ப் புற்றுநோய்க்கு அது நேரடிக் காரணம் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஒவ்வொரு முறையும் மூன்றாவது நாளே தோற்றுப்போகிறேன். என்ன செய்வது?

நிகோடின் ஏக்கம் உச்சத்துக்குப் போவது இரண்டாவது, மூன்றாவது நாட்களில்தான். பிறகு இரண்டு முதல் நான்கு வாரங்களில் படிப்படியாக அடங்கும். ஆக, அந்த மூன்று நாட்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். மன உறுதியை மட்டும் நம்பி இறங்குவதைவிட, தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையோ மெல்லும் நிகோடின் கம்மோ துணையாக இருந்தால் வெற்றி வாய்ப்பு அதிகம். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் இன்னும் அதிகம். பட்டை நாள் முழுதும் சீராக நிகோடின் தரும், திடீரென எழும் ஏக்கத்தைக் கம் சமாளிக்கும்.

கம்மை மிட்டாய்போல மென்று தள்ளுவதுதான் பலர் செய்யும் தவறு. மென்று விழுங்கினால் நிகோடின் வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும், ஏக்கம் மட்டும் அப்படியே இருக்கும். "கம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்பவர்களில் நிறையப் பேருக்கு நடந்தது இதுதான். மெதுவாக மெல்லுங்கள். நாக்கில் சுருக்கென்று காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி சிலமுறை மென்று, வேறு பக்கம் ஒதுக்குங்கள். அரை மணி நேரம் இப்படியே போகும். காபி, பழச்சாறு, குளிர்பானம் போன்ற புளிப்புத்தன்மை உள்ளவற்றைக் குடித்த 15 நிமிடங்களுக்குள் கம் போட்டால், வாயின் உட்தோல் வழியாக நிகோடின் சரியாக ஏறாது.

எழுந்த 30 நிமிடங்களுக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு 4 மி.கி. கம், மற்றவர்களுக்கு 2 மி.கி. முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று போட்டு, பிறகு இடைவெளியைக் கூட்டி, 12 வாரத்தில் நிறுத்தலாம். ஒரு நாளில் 24-ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பிணிகளும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. புகை, கஃபீனைக் கல்லீரல் வேகமாக வெளியேற்றும்படி செய்கிறது. புகையை விட்டதும் அந்த வேகம் குறைவதால், வழக்கமாகக் குடிக்கும் அதே இரண்டு கோப்பை காபி உடலில் அதிக நேரம் தங்கிப் படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். அதை நிகோடின் ஏக்கம் என்று நினைத்து மறுபடி சிகரெட்டைத் தேடுவார்கள். விடும் நாளிலிருந்தே காபியைப் பாதியாக்கிவிடுங்கள்.

வீட்டில் ரத்த அழுத்தம் பார்த்தால் ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டுகிறது. கருவி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் கருவி நன்றாகத்தான் இருக்கும், பார்க்கும் முறையில்தான் கோளாறு. ரத்த அழுத்தம் நிமிடத்துக்கு நிமிடம் மாறக்கூடியது. ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் உட்கார்ந்து அளந்தால்தான் எண்களை ஒப்பிட முடியும்.

அரை மணி நேரத்துக்கு முன்பே காபி, டீ, புகை, உடற்பயிற்சி எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வந்து உட்காருங்கள், ஏனென்றால் நிறைந்த சிறுநீர்ப்பையே எண்ணை ஏற்றிவிடும். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கட்டும். இரண்டு பாதங்களும் தரையில், கால் மேல் கால் போடாமல். அப்படியே ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். போன் பார்ப்பதும் பேசுவதும் சும்மா இருப்பதில் சேராது.

கருவியின் காற்றுப் பட்டையை வெறும் கையில் கட்டுங்கள். சட்டைக் கையை மேலே சுருட்டி அது புஜத்தை இறுக்கினாலும் எண் மாறும், ஆகவே கையை வெளியே எடுத்துவிடுவது மேல். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு, மூன்று செ.மீ. மேலே இருக்க வேண்டும். குழாய் உள்ளங்கையின் பக்கம் வரட்டும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் இறுக்கம் சரி. கை மேசைமேல் ஓய்வாக, பட்டை இதயத்தின் மட்டத்தில். கையைத் தொங்கவிட்டால் எண் கூடுதலாகவும், இதயத்துக்கு மேலே தூக்கி வைத்தால் குறைவாகவும் காட்டும்.

பட்டையின் அளவில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். பருமனான கையில் சிறிய பட்டையைக் கட்டினால், இல்லாத ரத்த அழுத்தம் இருப்பதாகக் காட்டும். புஜத்தின் நடுப்பகுதிச் சுற்றளவை அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் செ.மீ. எல்லைக்குள் அது வருகிறதா என்று பாருங்கள். மணிக்கட்டுக் கருவிகளில் கை வைக்கும் நிலை சற்றே பிசகினாலும் எண் தடம் புரளும் என்பதால் புஜக் கருவியே நல்லது.

முதல் தடவை இரண்டு கைகளிலும் பார்த்து, கூடுதலாகக் காட்டும் கையையே பிறகு எப்போதும் பயன்படுத்துங்கள். காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்பு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அளவு. மாலையிலும் அப்படியே. ஏழு நாள் குறித்துவைத்து, முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுங்கள். மருத்துவரிடம் காட்ட வேண்டியது அந்தச் சராசரிதான்.

எந்த எண்ணுக்குக் கவலைப்பட வேண்டும்?

வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரைப் பாருங்கள். மருத்துவமனையில் 140/90 என்று சொல்லப்படும் எல்லைக்கு இணையான வீட்டு எண் இது. மருத்துவரைக் கண்டதும் ஏறி, வீட்டில் இயல்பாக இருப்பவர்கள் உண்டு. அங்கே இயல்பாக இருந்து வீட்டில் ஏறுபவர்களும் உண்டு, இரண்டாவது வகைக்குத்தான் ஆபத்து அதிகம்.

180/120-ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அதே அளவில் நிற்பதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒருபக்கம் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். அறிகுறி எதுவும் இல்லையென்றாலும் அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள்.

உப்பு எவ்வளவு? நான் சாப்பிடும் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு பெரியவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. தட்டிய ஒரு தேக்கரண்டியைவிடச் சற்றுக் குறைவு. சமையலில் சேர்ப்பது, மேலே தூவுவது, பாக்கெட் உணவில் ஏற்கெனவே இருப்பது எல்லாம் இந்தக் கணக்கில் அடக்கம்.

வீட்டு அளவைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. புது உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளை அதன்மேல் எழுதிவையுங்கள். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு குறைந்தது 50 நாள் வர வேண்டும். முப்பது நாளில் தீர்ந்தால் தலைக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது, அதுவும் வெளியில் சாப்பிடுவதைச் சேர்க்காமலே.

பாக்கெட் உணவில் பெரும்பாலும் உப்பு என்று போடாமல் சோடியம் என்று போட்டிருப்பார்கள். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. 100 கிராமுக்கு 800 மி.கி. சோடியம், பாக்கெட் 70 கிராம் என்றால், சோடியம் 560 மி.கி. ஆகிறது. அதாவது 1.4 கிராம் உப்பு, ஒரு நாள் அளவில் கால் பங்குக்கு மேல். "ஒரு பரிமாறலுக்கு" என்று போட்டிருந்தால் அந்தப் பாக்கெட்டில் எத்தனை பரிமாறல் என்பதையும் பாருங்கள். ஒரே ஆள் ஒரே மூச்சில் தின்று முடிக்கும் பாக்கெட்டை இரண்டரைப் பரிமாறல் என்று அச்சிடுவது சகஜம்.

குறைக்கும்போது ஒரேயடியாகப் பாதியாக்கினால் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். கால் பங்கு குறைத்து மூன்று, நான்கு வாரம் அப்படியே விடுங்கள். நாக்கு பழகிவிடும், அதன் பிறகு அடுத்த கால் பங்கு. எலுமிச்சை, மிளகு, பூண்டு, மூலிகை இலைகள் அந்த இடைவெளியை நன்றாகவே நிரப்பும். கல்லுப்பு, கடல் உப்பு, இளஞ்சிவப்பு உப்பு எல்லாம் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். எந்த உப்பானாலும் அயோடின் கலந்ததாக இருக்கட்டும்.

பொட்டாசியம் கலந்த உப்பு நல்லதா?

பலருக்கு நல்லது. சீனாவில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான பெரிய ஆய்வில் இந்த உப்புக்கு மாறியவர்களிடம் பக்கவாதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் சில ரத்த அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் இது ஆபத்து. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் காட்டிவிட்டு மாறுங்கள்.

ஒரு நாளைக்கு 10,000 அடி கட்டாயமா?

இல்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவிய எண் அது. பின்னால் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிகளிலும், இளையவர்களுக்கு 8,000 முதல் 10,000 அடிகளிலும் பலன் தட்டையாகத் தொடங்குகிறது. 2,000 அடி நடப்பவர் 4,000-க்குப் போவதில் கிடைக்கும் லாபம், 9,000-லிருந்து 11,000-க்குப் போகிறவருக்குக் கிடைக்காது.

வேகத்துக்கும் பங்கு உண்டு. உலக சுகாதார அமைப்பு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு கேட்கிறது, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையானது. மிதம் என்றால், நடந்துகொண்டே பேச முடியும், பாட முடியாது. அடிக் கணக்கில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100. தொடர்ந்து பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்ற பழைய விதி 2020 பரிந்துரையில் எடுக்கப்பட்டுவிட்டது. மாடிப்படி ஏறும் இரண்டு நிமிடமும் சேரும்.

நடக்கிறேன், அது போதாதா? எடை தூக்கும் பயிற்சி இளைஞர்களுக்குத்தானே?

வயது ஏற ஏறத்தான் அது கூடுதலாகத் தேவை. நடுவயதிலிருந்தே தசை கரையத் தொடங்குகிறது, நடை மட்டும் அதைத் தடுப்பதில்லை. தசை குறைந்தால் சாப்பிட்ட சர்க்கரையை உள்வாங்கும் இடமும் குறையும். எழுபதில் குளியலறையில் வழுக்கும்போது உடலைத் தாங்கிப் பிடிப்பதும் அதே தசைதான்.

வாரத்தில் அடுத்தடுத்து வராத இரண்டு நாட்கள் போதும், கருவிகளும் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்குங்கள். நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், நழுவாது. இருக்கையின் முன்பாதியில் உட்கார்ந்து, பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, குதிகால்களைச் சற்று உள்ளே இழுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டி, மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை முன்னே சாய்ந்து எழுங்கள். இறங்கும்போது மூன்று வரை எண்ணி மெதுவாக உட்காருங்கள். தொப்பென்று விழுந்தால் பயிற்சியின் பாதி வீண். முழங்கால்கள் உள்பக்கமாக ஒன்றையொன்று நோக்கிச் சாயாமல் பாருங்கள். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். அடக்கினால் அந்த நொடியில் ரத்த அழுத்தம் எகிறும்.

எட்டு முதல் பன்னிரண்டு முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. கடைசி இரண்டு தடவை சிரமமாக இருந்தால் அளவு சரி. பன்னிரண்டும் சுலபமாகிவிட்டால் மார்போடு ஒரு பையை அணைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் வைத்தால் ஒரு கிலோ. இதோடு சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, பையை இடுப்புவரை இழுத்துத் தூக்குவது, குதிகால் உயர்த்துவது ஆகிய மூன்றையும் சேர்த்தால் உடலின் பெரிய தசைகளில் அநேகமாக எல்லாவற்றுக்கும் வேலை கிடைத்துவிடும். அறுபதைத் தாண்டியவர்கள் 30 நொடியில் எத்தனை முறை கை ஊன்றாமல் எழ முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். 60 முதல் 64 வயதுக்குள் ஆணுக்கு 14, பெண்ணுக்கு 12 முறைக்குக் கீழே என்றால் விழும் அபாயம் கூடியிருக்கிறது.

நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை. மாலையில் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்தால் சரியாகிவிடுமா?

பெருமளவு சரியாகும். 1953-இல் லண்டன் இரண்டடுக்குப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்தபோது, உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட மாடிப்படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் குறையும். போன் பேசும்போதெல்லாம் நின்றுகொள்வது என்று வைத்துக்கொண்டால் தனியாக நினைவுபடுத்த ஆள் வேண்டாம்.

அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை நோய். எனக்கும் வந்தே தீருமா?

வாய்ப்பு அதிகம், விதி என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3,234 பேரிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதம் குறைத்து வாரம் 150 நிமிடம் உடலுழைப்பு என்ற இலக்கோடு இறங்கிய குழுவில் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்த குழுவில் 31 சதவீதம்தான். 80 கிலோ எடை உள்ளவருக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரைக் கிலோ. மிரளவைக்கும் எண் இல்லை.

வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 100 முதல் 125 மி.கி., அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 என்றால் விளிம்பு நிலை. 126, 6.5 இரண்டும் நோய்க்கான எல்லைகள், மறுபரிசோதனையில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பெற்றோருக்கு இருந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் ஆண்டுதோறும் பார்த்துவிடுங்கள்.

இடுப்பளவை எங்கே அளப்பது?

பேன்ட் அளவு செல்லாது, அது தொப்பைக்குக் கீழே நிற்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு, டேப் தோலை அழுத்தாமல் அளக்க வேண்டும். உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும். 160 செ.மீ. உயரத்துக்கு 80 செ.மீ. எடை இயல்பாக இருந்தும் வயிறு மட்டும் பெருத்தவர்களை எடை இயந்திரம் கண்டுபிடிக்காது, டேப் கண்டுபிடிக்கும்.

சாப்பாட்டில் எதைக் கவனிக்க வேண்டும், சுருக்கமாக?

காய்கறியும் பழமும் சேர்த்து நாளுக்கு 400 கிராம், நார்ச்சத்து குறைந்தது 25 கிராம். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு தானியம், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ என்று பரிமாறினால் எடை போட்டுப் பார்க்கத் தேவையில்லை. நார்ச்சத்தை ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்கினால் வயிறு உப்பும். மெல்லக் கூட்டுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள்.

சேர்க்கப்படும் சர்க்கரை 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25-க்குள். 330 மி.லி. குளிர்பானம் ஒன்றிலேயே சுமார் 35 கிராம் இருக்கிறது. தேனும் பழச்சாறும்கூட இந்தக் கணக்கில்தான் வரும், முழுப் பழம் வராது.

வைட்டமின் மாத்திரை எடுத்தால் பாதுகாப்புத்தானே?

குறைபாடு இல்லாதவருக்கு இதய நோயையோ புற்றுநோயையோ அது தடுத்ததாக நல்ல சான்று இல்லை. சிலருக்குத் தீங்கும் உண்டு. ஃபின்லாந்தில் நடந்து 1994-இலும், அமெரிக்காவில் நடந்து 1996-இலும் வெளியான ஆய்வுகளில், பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்த புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியது. கட்டாயம் தேவைப்படுபவர்கள் வேறு: விலங்குணவை, பாலையும் சேர்த்து, அறவே தவிர்ப்பவர்களுக்கு பி12. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்களுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்.

கொஞ்சம் மது இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?

அப்படிக் காட்டிய பழைய ஆய்வுகள் பலவற்றில், உடல்நலம் கெட்டதால் குடியை நிறுத்தியவர்களும் "குடிக்காதவர்" பட்டியலில் இருந்தார்கள். அதனால் குடிப்பவர்கள் ஆரோக்கியமாகத் தெரிந்தார்கள். மது புற்றுநோய் உண்டாக்கும் என்று 1988-லேயே உறுதியாக வகைப்படுத்தப்பட்டுவிட்டது. குடிக்காதவர் ஆரோக்கியத்துக்காகத் தொடங்க எந்த நியாயமும் இல்லை.

படுத்தால் தூக்கம் வர மணிக்கணக்காகிறது. என்ன மாற்றலாம்?

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். நேரத்தைப் பிடிக்க நினைப்பவர்கள் படுக்கும் நேரத்தை நிர்ணயிக்கிறார்கள். நிர்ணயிக்க வேண்டியது எழும் நேரம். விடுமுறை நாளிலும் அதே நேரத்தில் எழுந்து அரை மணிக்குள் வெளி வெளிச்சத்தில் நில்லுங்கள். உடலின் கடிகாரம் அந்த வெளிச்சத்தில்தான் சரியாகிறது.

கஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். மாலை ஐந்து மணிக் காபியில் பாதி இரவு பத்து மணிக்கும் உள்ளே இருக்கும். பகல் தூக்கம் வேண்டுமென்றால் மூன்று மணிக்கு முன், அரை மணிக்குள். இருபது நிமிடம்போலப் புரண்டும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் எதையாவது படியுங்கள், கண் சொருகும்போது திரும்பி வாருங்கள். படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று மூளை பழகிவிடக் கூடாது. வாரம் மூன்று இரவு, மூன்று மாதத்துக்கு மேல் இப்படிப் போனால் மாத்திரைக்கு முன் தூக்கத்துக்கான நடத்தைச் சிகிச்சையைக் கேளுங்கள்.

உரத்த குறட்டை, நடுவே மூச்சு நின்று திணறி விழிப்பது, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண்ணயர்வது மூன்றும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். ரத்த அழுத்த மாத்திரை வேலை செய்யாமல் போவதற்கும் அது காரணமாவதுண்டு. பக்கத்தில் படுப்பவரைக் கேட்டால்தான் தெரியும்.

பல் துலக்குவதில் என்ன தவறு நடக்கும்?

துலக்கி முடித்ததும் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பது. பல்லைக் காக்கும் ஃபுளோரைடு அதோடு போய்விடும். துப்பினால் போதும். ஃபுளோரைடு 1,350 முதல் 1,500 பிபிஎம் உள்ள பற்பசை, இரண்டு வேளை, இரண்டு நிமிடம். ஒரு வேளையை விட்டுவிட வேண்டிய கட்டாயம் என்றால் காலையை விடுங்கள், இரவை விடாதீர்கள்.

தண்ணீர் எத்தனை லிட்டர்?

எல்லாருக்கும் பொதுவான எண் கிடையாது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

எந்த வயதில் என்ன பரிசோதனை?

ரத்த அழுத்தம் 18 வயதிலிருந்தே. ரத்தச் சர்க்கரை 35-லிருந்து, இயல்பாக இருந்தால் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு 30 வயதிலிருந்து எச்பிவி சோதனை (அந்தப் புற்றுநோயைத் தரும் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது), ஐந்து முதல் பத்து ஆண்டு இடைவெளியில். பெருங்குடல், மார்பகச் சோதனைகளின் வயது நாட்டுக்கு நாடு மாறும், 40 முதல் 50 வயதுக்குள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். ரத்தம் கலந்த மலம், ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றுக்கு வயது பார்க்கக் கூடாது. உடம்பில் எல்லாவற்றையும் பார்க்கும் பெரிய பரிசோதனைத் தொகுப்புகள் பற்றி எங்களுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அறிகுறியே இல்லாதவரிடம் ஐம்பது சோதனை செய்தால் எதிலாவது ஒன்றில் எல்லை மீறிய எண் வந்தே தீரும், அதைத் துரத்திக்கொண்டு இன்னும் பத்து சோதனை.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்பது உண்மையா?

லண்டனில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதில் தெரிந்தது. 22-ஆம் நாள் இன்னும் சிரமமாக இருக்கிறதே என்று கைவிடுகிறவர்கள் அந்த 21-ஐ நம்பித்தான் ஏமாறுகிறார்கள். "இனி உடற்பயிற்சி செய்வேன்" என்பதைவிட "இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும் செருப்பைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நடப்பேன்" என்று ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு வேலையின் வாலில் கட்டுங்கள்.

எடை குறைந்து எண்களும் நன்றாக இருக்கின்றன. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். சில ரத்த அழுத்த மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட மேலே பாயும். அதே சமயம், பழக்கங்கள் மாறிய பிறகும் பழைய அளவிலேயே தொடர்வதும் சிக்கல்தான். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் ஒரு வார எண்களோடு மருத்துவரிடம் போய் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைப்பதற்கும் நீண்ட நடை தொடங்குவதற்கும் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். நடுக்கம், வியர்வை, குழப்பம் வந்து அளவு 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். இன்னும் ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு தடவை. மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.